மேற்படி மச்சம்

செங்காட்டூரில் ஓர் ஆவணி மாதத்து முகூர்த்த நாளில் ஒன்பது பெண்களின் முகத்தை விட்டு ஒன்பது அடையாளங்கள் இறங்கிப் போயின. போனவை பஸ் ஏறி வெளியூர் போய்விடவில்லை, ஊருக்குள்ளேயே வேறு வேறு ஆட்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. இது நடந்ததில் அந்த ஊரில் யாருக்கும் இன்றுவரை சந்தேகம் கிடையாது. ஏன் நடந்தது என்று கேட்டால்தான், "அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய, டீ ஆறுது, குடிங்க" என்பார்கள்.

அன்று அந்த ஒன்பது முகத்துக்கும் மேக்கப் போட்டவள் இசக்கியம்மாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் அவளுடைய பார்லர் இருந்தது. போர்டில் 'இஷா பியூட்டி பார்லர்' என்று ரோஸ் கலரில் எழுதியிருக்கும், ஆனால் ஊர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, 'இசக்கி கடை' என்றுதான் சொல்லும். நாற்பது வயதாகிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. ஊரிலுள்ள எல்லாக் கல்யாணத்துக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து போகிறவளுக்குத் தன் கல்யாணத்துக்கு எங்கே நேரம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தபோது செங்காட்டூரில் மேக்கப் என்றால் பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது இரண்டும் யாரோ அடுத்த வீட்டுக்காரருடையவை. மணப்பெண் வேர்த்தால் தாலி கட்டுகிற மாப்பிள்ளையின் கையெல்லாம் மாவாகிவிடும். இசக்கி பதினைந்து வருஷம் இதோடு மல்லுக்கட்டினாள். "இன்னும் ரெண்டு ஷேடு வெள்ளையாப் போடும்மா" என்று வந்த மாமியார்களோடும், "எங்க பிள்ளை என்ன கறுப்பா?" என்று சண்டைக்கு வந்த அம்மாக்களோடும் பேசிப் பேசி, கடைசியில் இசக்கி கை பட்ட முகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது என்ற பேரை வாங்கிவிட்டாள். "யாராவது கண்டுபிடிச்சுட்டா அன்னைக்கே கடையப் பூட்டிருதேன்" என்பாள். அந்தப் பேச்சில் கொஞ்சம் திமிர் உண்டு. அவ்வளவு பாடுபட்டவளுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி.

அவள் முறை நிதானமானது. முதலில் முகத்தைக் கழுவச் சொல்லி, துடைக்காமல் துண்டால் ஒற்றச் சொல்லி, கொஞ்சம் கிரீம் தடவி, அது தோலுக்குள் இறங்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். பிறகு தாடை ஓரத்தில் மூன்று ஷேடில் மூன்று கோடு இழுத்து, ஆளை எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பாள். ட்யூப்லைட்டை அவள் நம்பவே மாட்டாள். எந்தக் கோடு வெளிச்சத்தில் காணாமல் போகிறதோ அதுதான் அந்த முகத்துக்கு உரிய ஃபவுண்டேஷன். அதைப் புறங்கையில் ஒரு துளி எடுத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால், தேய்க்காமல் இழுக்காமல், குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல மூக்கின் பக்கத்திலிருந்து காது வரைக்கும் தட்டிக்கொண்டே போய், தாடையைத் தாண்டிக் கழுத்திலும் இறக்கிவிட்டு, எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் இன்னொரு தடவை தொடுவாள். வேண்டாத இடத்தில் தோல் தோலாகவே இருக்கும்.

அந்த ஆவணி முகூர்த்தம் வேலம்மாள் வீட்டுக் கல்யாணம். இளைய மகனுக்குப் பெண் எடுத்திருந்தார்கள். மூத்த மருமகள் சண்முகக்கனிக்கு இருபத்துநாலு வயது, எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, புருஷன் தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு வேன் ஓட்டுகிறான். கனிக்கு இடது கன்னத்தில், உதட்டுக் கோடிக்கு ஒரு விரற்கடை மேலே, மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்தது, தொட்டால் தட்டுப்படுகிற மச்சம். பாப்பா பால் குடிக்கும்போது வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை அந்த மச்சத்தின் மேல் வைத்துக்கொண்டுதான் குடிக்கும். விரல் மச்சத்தில் பட்டால் வாய் திறக்கும், வயிறு நிறைந்தால் விரல் நழுவும்.

அன்று கல்யாண வீட்டில் கனி நாற்காலியில் உட்கார்ந்ததும், "யக்கா, எனக்கு லேசாப் போட்டாப் போதும். இந்த மச்சத்த மட்டும் மூடிராத. பாப்பா தேடும்" என்றாள்.

"பாப்பா ஒன்னயத் தேடுமா, மச்சத்தயா தேடும்? போட்டோல கரும்புள்ளியா விழுந்து கெடக்கும்ட்டி. நீ சும்மா இரி" என்றாள் இசக்கி.

கனி இரண்டாம் தடவை சொல்லவில்லை. மூத்த மருமகள், பின்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்கள், வாசலில் மேளம் வந்துவிட்டது. இசக்கி மச்சத்தின் மேல் ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது தட்டில் அது எங்கே இருந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் நிறுத்திப் பார்த்து, தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் கனி முகம் கழுவினாள். ஃபவுண்டேஷன் போனது, மச்சம் வரவில்லை. மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். கன்னம் பளிங்கு மாதிரி வெறுமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் ஒலிபெருக்கி வழக்கம்போல, "இதனால் செங்காட்டூர்ப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது" என்று ஆரம்பித்து, குழாயில் தண்ணீர் விடும் நேரத்தைச் சொல்லிவிட்டு, அதே குரலில், புதுப்பெண்ணின் நெற்றித் தழும்பு நாதஸ்வரக்காரர் நெற்றியில் இருப்பதாகவும், தபால்காரர் முழங்கையில் புதிதாக ஒரு சிவப்பு மச்சம் வந்திருப்பதாகவும், உரியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. ஜனங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள், போகிற வழியில் ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் வேறு கவலைகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கிறதே, அது என்னாவது? 'இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு' என்று எழுதியிருக்கிற பெண்ணுக்குத் தழும்பு இல்லை, அது நாதஸ்வரம் வாசிக்கிறவரிடம் போய்விட்டது, நாளைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனால் நம்புவானா? வி.ஏ.ஓ. ரொம்ப யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். 'மேற்படி மச்சம் தற்சமயம் இன்னார் வசம் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். இரண்டு கையெழுத்து, ஒரு சாட்சி. சிலர் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் மச்ச பலன் பார்த்து, நல்ல பலனாக இருந்ததால் வந்ததைக் கொடுக்க மாட்டேன் என்று முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார்கள். தபால்காரர் மட்டும் நேர்மையான மனுஷர், தன் முழங்கை மச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இசக்கியிடம் வந்து அதன் மேல் பூசச் சொன்னார். பூசினாள், அது கிளம்பிற்று. ஆனால் வந்த வீட்டுக்குப் போகவில்லை. அந்நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய கயத்தாற்று வியாபாரி ஒருவரின் பிடரியில் ஏறி, அவரோடு அடுத்த பஸ்ஸில் போயே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வழியை யாரும் முயற்சி செய்யவில்லை.

எட்டுப் பேருக்கு இதெல்லாம் பேச்சுக்கு ஒரு விஷயமாக இருந்தது. ஒன்பதாவது வீட்டில்தான் அழுகைச் சத்தம்.

பாப்பா பால் குடிக்கவில்லை. பசித்து அழும், கனி மடியில் போட்டதும் அடங்கும், விரலை நீட்டிக் கன்னத்தில் தேடும், உதட்டோரம் தேடும், மூக்கின் பக்கம் தேடும், பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்து கனியின் முகத்தை உற்றுப் பார்க்கும். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி அழும். வேற்று ஆளைப் பார்த்து அழுகிற அழுகை அது. கனி மை வைத்துப் பார்த்தாள், ஒட்டுப்பொட்டு வைத்துப் பார்த்தாள், மிளகையே பசை போட்டு ஒட்டினாள். பாப்பா அதை நகத்தால் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடியும் அழுதது. சங்கில் ஊற்றினால் பாதி வெளியே வந்தது, இட்லியைக் கசக்கிக் கொடுத்தால் துப்பியது. டாக்டர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். கனிக்கு மார் கட்டிக் காய்ச்சல் கண்டது. பெற்ற பிள்ளை தன்னை யாரோ என்று பார்க்கிற பார்வையைத் தாங்குவதைவிட அந்தக் காய்ச்சலைத் தாங்குவது அவளுக்கு லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கனி பார்லர் மாடிப்படி ஏறி வந்தாள். இசக்கி என்ன திட்டு வாங்கப்போகிறோமோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"யக்கா, அது எங்க போச்சுன்னு பாத்துக் குடுக்கா" என்றாள் கனி.

மூடாதே என்று தான் சொன்னதை கனி மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை என்பது, அன்றைக்குத் தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டதிலிருந்து இசக்கிக்குத் தெரிந்தது. எல்லாரும் கிரகம் சரியில்லை என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள், ஒருவர்கூட இசக்கியைச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கடையைப் பூட்டிவிட்டு இசக்கி தெருத் தெருவாகப் போனாள். மேலத்தெரு, கீழத்தெரு, தீப்பெட்டி ஆபீஸ், ரேஷன் கடை வரிசை, சர்ச் வாசல், பள்ளிவாசல் முக்கு என்று ஒவ்வோர் ஆளின் இடது கன்னத்தையும் பார்த்துக்கொண்டே போனாள். அவள் பார்க்கிற பார்வையில் இரண்டு கிழவர்கள் மீசையை நீவிக்கொண்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் பரோட்டாக் கடை பின்பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்த சுடலைமணியின் கன்னத்தில் அதைக் கண்டாள்.

சுடலைமணி ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து அந்தக் கடையில் சேர்ந்தவர், கடைக்குப் பின்னால் ஒரு ரூமில் படுக்கை. சொந்தம் என்று ஒரு ஆள் அவரைத் தேடி வந்து ஊர் பார்த்ததில்லை. பரோட்டா பூப்போல இருக்கும், பேச்சு மட்டும் நெருப்பு. மூன்றாம் தடவை சால்னா கேட்டவனை, "குளிக்கவா போற?" என்று கேட்டவர்.

"மாஸ்டர், ஒங்க கன்னத்துல ஒண்ணு இருக்கு" என்றாள் இசக்கி.

"அடுப்புக் கரி. மூணு நாளாத் தேய்க்கேன், போவமாட்டேங்கு."

"கரி இல்ல மாஸ்டர். வேலம்மா மருமவ மச்சம்."

அவர் மாவைத் தூக்கி அடித்தார். "அதுக்கு நா என்ன செய்யணும்? வெட்டியா குடுக்க முடியும்?"

"அவ கைப்பிள்ளை மூணு நாளா ஒழுங்காப் பால் குடிக்கல. மூஞ்சிய மட்டும் கொண்டு வாங்க, போதும்."

அவர் கை நின்றது. மாவைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார். "மூணு நாளாவா?" என்றார். பிறகு ஈரத்துணியை எடுத்து மாவின் மேல் போட்டு மூடிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் முன்னால் நடந்தார்.

வேலம்மாள் வீட்டு நடையில் பாப்பா அழுது அழுது குரல் தேய்ந்து கிடந்தது. சுடலைமணி குனிந்தார். அந்த முரட்டு முகத்தைப் பார்த்து ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஓடும், பாப்பா மிரளவில்லை, கையை நீட்டி ஆள்காட்டி விரலை மச்சத்தில் வைத்தது. வைத்ததும் அழுகை நின்றது. வாய் திறந்தது.

இப்போது வேறு சிக்கல் வந்தது. வாய் இங்கே வேண்டும், விரல் அங்கே வேண்டும். பெற்றவள் பால் கொடுக்கும் இடத்தில் ஓர் அந்நிய ஆம்பிளை எப்படி நிற்பது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிப் பேசினார்கள். சுடலைமணி எழுந்து போகப் பார்த்தார். அப்போதுதான் வேலம்மாள், அதுவரை சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், அதைத் துப்பிவிட்டு வந்தாள்.

"இந்த மச்சம் எப்ப வந்தது? எம் மருமவ பொறக்கும்போது அவகூட வந்தது. அவகூடப் பொறந்த ஒண்ணு இந்த ஆளு மூஞ்சியில இருக்கு. அப்போ இந்த ஆளு அவளுக்கு என்ன வேணும்? அண்ணன். பிள்ளைக்கு என்ன வேணும்? தாய்மாமன். வீட்டுக்கு ஒத்தப் பிள்ளையாப் பொறந்தவளுக்கு இப்பமாவது ஒரு அண்ணன் வந்தாம்னு வச்சுக்கிடுங்க. பேசாமத் திரையக் கட்டுங்கட்டி."

இதற்கு மேல் யார் பேசினாலும் வேலம்மாளிடம் எடுபடாது. இசக்கி ஒரு பழைய சுங்குடிச் சேலையை வாங்கிக் குறுக்கே கட்டி, அதில் ஒரு முகம் நுழையும் அளவுக்குக் கிழித்து, ஓரம் பிரியாமல் தைத்துக்கொடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கனியும் பாப்பாவும். இந்தப் பக்கம் ஸ்டூலில் சுடலைமணி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் நுழைத்தபடி. அன்று பாப்பா குடித்த சத்தம் நடை வரைக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டே இசக்கி அடுப்படியில் நின்று அழுதாள்.

அதிலிருந்து மூன்று மாதம், விடிந்ததும் ஒரு தடவை, பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்று நாளைக்கு நாலு தடவை சுடலைமணி வந்து திரையில் முகத்தை வைத்தார். தூக்கத்தில் பாப்பா விரல் தேடாது, அதனால் ராத்திரிக்கு அவர் வேண்டியதில்லை. பீடி நாற்றத்துக்குப் பாப்பா தும்மியது, பீடியை விட்டார். தாடி குத்தி முகத்தைச் சுளித்தது, தினம் ஷேவிங் செய்தார். நாலு மணிக்குத் திறக்கிற பரோட்டாக் கடை ஆறரைக்குத் திறந்தது. முதலாளி முதலில் கத்தினார், பிறகு அவரே, 'பாப்பா பால் குடித்த பின் பரோட்டா' என்று ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினார். ஊர் தன் பசியைத் தள்ளி வைத்துக்கொண்டது. ஆறு மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள், சப் இன்ஸ்பெக்டர் உள்பட, வேலம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்து, "குடிச்சிட்டாமா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

இசக்கி அந்த மூன்று மாதமும் ஸ்பாஞ்சைத் தொடவில்லை. புருவம் திருத்தினாள், தலை பின்னினாள், மருதாணி வைத்தாள். ஃபவுண்டேஷன் என்று யாராவது வாயெடுத்தால், "தீர்ந்துபோச்சு" என்றாள். பாட்டில்கள் வரிசையாகப் பின்னாலேயே நிற்கும்.

கார்த்திகையில் பாப்பாவுக்குப் பதினோராம் மாதம். மார்கழி பிறப்பதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், சுடலைமணி தாம்பாளத்தில் பட்டுப்பாவாடையும் தேங்காயும் பழமும் மிளகு அளவுத் தோடும் வாங்கி வைத்து, அதைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதுகுத்து அன்று காலை அவர் புது வேட்டியோடு பார்லர் படியேறி வந்தார், பின்னால் கனி, இடுப்பில் பாப்பா.

"இத எடுத்துருங்க" என்றார் சுடலைமணி, கன்னத்தைத் தொட்டுக்காட்டி.

"தபால்காரருக்கு நடந்தது தெரியும்லா மாஸ்டர்? எங்க போவும்னு சொல்ல முடியாது. இருக்கதும் போயிரும்."

"தெரியும். பக்கத்துலயே இவள உக்கார வச்சா இவகிட்டப் போவாதா?"

"அத யாரும் செஞ்சு பாக்கல. எதுக்கு இப்பம்? நல்லாத்தானே குடிக்கு."

சுடலைமணி கொஞ்ச நேரம் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். "எப்பமும் கண்ண மூடிக்கிடுவேன். போன வாரம் அசந்து ஒரு நிமிசம் கண்ணத் தொறந்துட்டேன். பிள்ளை என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் குடிக்கு. பால் குடுக்கவ அந்தப் பக்கம் இருக்கா, அவ மூஞ்சிய அது பாக்கவே இல்ல. மூணு மாசமா அப்பிடித்தான் பாத்திருக்கு போல. என்னால அதத் தாங்க முடியல. அது இவ பொருளு."

கனி தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும்.

இசக்கி நின்ற இடத்திலேயே நின்றாள். "நா தொட மாட்டேன் மாஸ்டர். இவ அன்னைக்கு மூடாதன்னு சொன்னா. பாப்பா தேடும்னு சொன்னா. நாந்தான் கேக்காம மூடுனேன். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, இவ ஒருத்தர்ட்டயும் சொல்லல."

சுடலைமணி கனியைப் பார்த்தார். கனி பாப்பாவின் சட்டையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ மூடுன கையிதான் இதயும் செய்யணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முகத்தைக் கழுவச் சொன்னாள். துண்டால் ஒற்றினாள். கிரீம் தடவி, அது இறங்கும்வரை பேசுவதற்குக் கதை ஒன்றும் வராமல் சும்மா நின்றாள். தாடையில் மூன்று கோடு இழுத்து வாசலுக்குக் கூட்டிப்போனாள், ஒன்றும் காணாமல் போகவில்லை. இருபது வருஷம் தோசைக்கல்லின் அனல் பட்ட வலது பக்கம் ஒரு நிறமாகவும் படாத இடது பக்கம் வேறு நிறமாகவும் இருந்தது. இரண்டு பாட்டிலைப் புறங்கையில் கலந்து ஒரு பக்கத்துக்கும், மூன்றாவதையும் கொஞ்சம் சேர்த்து மறுபக்கத்துக்கும் எடுத்து, மறுபடியும் வெளிச்சத்தில் பார்த்து, ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து தட்ட ஆரம்பித்தாள். மூன்று மாதம் சும்மா இருந்த கைக்கு வேலை மறக்கவில்லை. மூக்கின் பக்கத்திலிருந்து காது வரை, கண்ணுக்குக் கீழே விரல் நுனியால், தாடையைத் தாண்டிக் கழுத்து வரை. சுடலைமணி, பாப்பாவைத் தவிர வேறொருத்தர் கை முதல்முறையாகத் தன் முகத்தில் படுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி இருந்தார். அவருக்குப் பக்கத்தில், கன்னத்துக்குக் கன்னம் ஒரு சாண் தூரத்தில், கனியும் மடியில் பாப்பாவும்.

மச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. இசக்கி கையை நிறுத்திவிட்டு, "கனி, மூடட்டுமா?" என்று கேட்டாள்.

கனி சரி என்று தலையாட்டினாள்.

ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் அது இருந்த இடம் தெரியவில்லை. இதையெல்லாம் வாயில் விரல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா அந்த விரலை எடுத்து, தன் மாமன் முகத்தில் தனக்குத் தெரிந்த அதே இடத்தில், ஈரம் காயும் முன்னால் ஒரு தடவை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டது.

இசக்கி கனியின் கன்னத்தைப் பார்த்தாள், இல்லை. சுடலைமணி கன்னத்தைப் பூச்சு கலையாமல் தொட்டுப் பார்த்தாள், தட்டுப்படவில்லை. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். மாடியிலிருந்து குனிந்து, "அண்ணாச்சி, ஒங்க மேல ஏதும் புதுசா மச்சம் தெரியுதா?" என்று உரக்கடைக்காரரைக் கேட்டாள். அவர் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் புறப்பட்டுப் போனது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சுடலைமணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பாப்பாவுக்குப் பத்து மணிப் பசி வந்து சிணுங்கியது. திரை வீட்டில் இருந்தது, இருந்தும் இனி யாருக்கு? சுடலைமணி எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கனி நம்பிக்கை இல்லாமல், வேறு வழியும் இல்லாமல், பாப்பாவை மடியில் சாய்த்து மாராப்பால் மூடினாள். பாப்பா கையை நீட்டி, ஆள்காட்டி விரலைத் தாயின் இடது கன்னத்தில், உதட்டுக் கோடிக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து அழுத்தியது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பாப்பா குடித்துக்கொண்டிருந்தது, கனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தது. பெற்றவள் மூன்று மாதமாகக் காணாத பார்வை அது.

வயிறு நிறைந்து விரல் நழுவியபோது இசக்கி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில், மிளகு அளவில், தொட்டால் தட்டுப்படுகிற மாதிரி, அது இருந்தது. விரலிலேயே இருக்கிறதால் பாப்பா எந்தக் கன்னத்தில் விரல் வைத்தாலும் அங்கே மச்சம் தட்டுப்படும்.

இசக்கி சத்தமாகச் சிரித்தாள், கனி அழுதாள். சுடலைமணி மட்டும் விரலைப் பார்த்துவிட்டு, "அப்போ சரி. நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். தன் வெறும் கன்னத்தைத் தடவிக்கொண்டே படி இறங்கினார்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்ததும் சுடலைமணி சம்மணம் போட்டு மடியை விரித்தார், பாப்பா இனிமேல் தன்னிடம் வருமா என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. பாப்பா வந்தது. ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதுகொண்டே கையை நீட்டி, அவருடைய இடது கன்னத்தில் அதே இடத்தில் விரலை அழுத்தியது. மச்சம் அங்கே இருந்தது. அழுகை நின்றது. தினமும் ஒரு மூட்டை வெங்காயம் வெட்டியும் கண்ணில் ஒரு சொட்டு வராத மனுஷருக்குக் கண்ணீர் ஓடி, இசக்கி போட்ட ஃபவுண்டேஷன் மேல் இரண்டு கோடு விழுந்தது. அன்றுதான் அவர் மேக்கப் போட்டிருக்கிறார் என்பதே ஊருக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த வி.ஏ.ஓ., பாயசம் வருவதற்குள் ஒரு தாளை வாங்கி, 'மேற்படி மச்சம் தற்சமயம் மகள் வசம் உள்ளது' என்று எழுதி, வலது ஆள்காட்டி விரல் நுனி என்று கீழே குறித்து, முத்திரையை மறந்து வந்ததால் மறுநாள் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

பந்தி முடிந்து எல்லாரும் வேன் ஏறுகிற நேரம். கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்து கனி திரை இல்லாமல் பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இசக்கி தள்ளி நின்று, கை கழுவியது போதாமல் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இங்க வா."

இசக்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். கனி பாப்பாவின் கையைப் பிடித்து நீட்டி, அந்த விரலை இசக்கியின் இடது கன்னத்தில் வைத்தாள். பாப்பா அழுத்திப் பார்த்தது. அங்கேயும் இருந்தது. திருப்தியாக மூச்சுவிட்டுக் கண் சொருகியது.

"நா அன்னைக்கு ஒரு தடவதான் சொன்னேன். இன்னொரு தடவ சொல்லிருக்கணும்" என்றாள் கனி.

"ஒரு தடவ சொன்னதே போதும்ட்டி" என்றாள் இசக்கி. "எனக்குத்தான் கேக்கத் தெரியல."

வேன்காரன் ஹார்ன் அடித்தான். பாப்பா விரலை எடுக்காமலே தூங்கிவிட்டது, அதனால் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.